தலைமன்னார் இல்லாத வரைபடம்

வணக்கம். நான் பாடம் நடத்தும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய அகதிக் கதைகள் என்ன ஆயின என்பதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். ஆனால் வரைபடக் கதையை முதலில் கொட்டிவிடாமல் எனக்கு ஆறாது.

பாக் நீரிணையைச் சுவரளவுக்குப் பிளெக்ஸில் அச்சிட 480 ரூபாய் கொடுத்தேன். வகுப்பில் விரித்தால், வலது ஓரம் வெட்டுப்பட்டுத் தலைமன்னாரையே காணோம். இலங்கைக் கரையில் படகு புறப்படும் ஊர் இல்லாமல் பயணத்தை எப்படிக் கற்பிப்பது? கடைக்காரரோ, "அந்தப் பக்கம் வெறும் கடல்தானே சார்" என்றார். மறு அச்சுக்கும் 480 கேட்டவரை 300க்கு இறக்கினேன். எனக்குப் பேரம் பேசத் தெரியாது என்று எழுதும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைகளுக்கு வருகிறேன். "நீ அகதியானால் எந்தப் பத்துப் பொருட்களை எடுத்துச் செல்வாய்?" என்ற வகுப்பறை விளையாட்டை நான் அடியோடு வெறுப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும், அதில் பிள்ளைகள் பை அடுக்கக் கற்கிறார்கள், வேறெதுவும் கற்பதில்லை. அதனால் 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து படகில் வந்த ஒரு கற்பனை மனிதரைப் பற்றி நான்கு பக்கக் கதை எழுதச் சொன்னேன். கதையில் வரும் ஊர், ஆண்டு, வழி ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். ஏன் கற்பனை மனிதர் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்: எங்கள் வகுப்பில் முகாமிலிருந்து வரும் பிள்ளைகளும் படிக்கிறார்கள், அவர்களுடைய வீட்டுத் துயரம் யாருக்கும் வீட்டுப்பாடம் ஆகக் கூடாது.

இலங்கையிலிருந்து வந்த அகதிகளை வைத்த மண்டபம் முகாம், ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களைத் தடுத்துவைத்துச் சோதித்த இடம் என்பதை ஒருவன் கண்டுபிடித்தான். போனவர்களை நிறுத்திய இடத்திலேயே வந்தவர்களையும் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவனே சொன்னான். "மறுவாழ்வு முகாம்" என்று எழுதுவதா, "அகதிகள் முகாம்" என்று எழுதுவதா என இருவர் சண்டையிட்டார்கள். தமிழக அரசு "மறுவாழ்வு முகாம்" என்று பெயரை மாற்றியது 2021இல். அவர்கள் கதையோ 1990இல் நடக்கிறது. பழைய பெயரே நின்றது.

என்னைத் துள்ள வைத்தது வேறொரு கதை. 1985இல் தனுஷ்கோடிக் கரையில் இறங்கும் குடும்பத்தை ஒரு மாணவி அங்கேயே ரயில் ஏற்றிவிட்டிருந்தாள். நான் சிவப்பு மையால் எதையும் திருத்தவில்லை, "எந்த ரயில்?" என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாள் தேடியவள், 1964 டிசம்பர்ப் புயலில் அந்த நிலையமும் தண்டவாளமும் அழிந்துபோனதைக் கண்டு, முதலில் கதையையே கிழிக்கப் பார்த்தாள். பிறகு திருத்தி எழுதிய கதையில், அந்தக் குடும்பம் இடிந்த நிலையத்தின் சுவர் நிழலில் ஈரத் துணியோடு அமர்ந்திருக்கிறது. இங்கே ரயில் நிலையம் உண்டு என்று கேள்விப்பட்டு வந்த தம்பி, ரயில் எப்போது வரும் என்று கேட்கிறான். அக்கா, தூங்கு, வந்ததும் எழுப்புகிறேன் என்கிறாள். பிழையாக இருந்த ரயில் அப்படியே கதையின் உயிராகிவிட்டது.

முதலில் 10க்கு 5 போட்டிருந்தேன், இப்போது 9. அந்த மணலிலிருந்து ராமேசுவரம் வரை அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதற்கு எதிர்ப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.