ஏரிக்கரையில் ஓர் ஒற்றையடிப் பாதை

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வெளியே கிளம்பினால், கையுறையும் சாக்குப்பையுமாக ஒரு சிறு கூட்டத்தை எங்கேயாவது பார்த்துவிடலாம். கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள். ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுகிறார்கள். தெருவோர மரங்களில் விளம்பரப் பலகைக்காக அடித்த ஆணிகளைப் பிடுங்குகிறார்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் பெயரும் வெளியே தெரியாது. இந்த வேலை சில இடங்களில் எதனால் நிலைத்து நிற்கிறது, சில இடங்களில் எதனால் அடுத்த மழைக்குள் சுவடில்லாமல் போகிறது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தென்சென்னைப் புறநகரில் நண்பர்களோடு ஏரிக்கரைகளில் நடந்து வருகிறேன். அப்படி நடந்ததில் எனக்குள் ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. ஓர் இடத்தைக் காப்பாற்றுவது அங்கே விடாமல் நடக்கும் கால்கள். துப்புரவு, மரம் நடுதல், மனு கொடுத்தல், வழக்குத் தொடுத்தல் எல்லாமே அந்த நடையிலிருந்து பிறக்கும்போதுதான் பலிக்கின்றன.

சென்னையில் இதற்கு மிகப் பழைய சான்று ஆமை நடை. 1970களின் தொடக்கத்தில் சென்னை பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய தோழர்களும் இரவு நேரங்களில் இந்தக் கடற்கரையில் நடந்து, முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடத் தொடங்கினார்கள். 1980களின் இறுதியில் மாணவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று அவர்களைப் பலரும் அறிவீர்கள். அன்று கல்லூரியில் படித்தவர்களுக்கு இன்று நரைத்துவிட்டது. நடை மட்டும் நிற்கவில்லை.

ஜனவரி பிறந்துவிட்டால் நள்ளிரவுக்குப் பக்கத்தில் நீலாங்கரையில் கூடுகிறார்கள். கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். டார்ச் அடிக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. அலை ஓரத்திலிருந்து மேட்டை நோக்கித் துடுப்புகள் மாறி மாறிப் பதிந்த தடம் தெரிந்தால் அதன் பின்னால் போகிறார்கள். தடம் முடியும் இடத்தில் மணல் எங்கே இளகியிருக்கிறது என்று ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறார்கள். கிடைத்தால் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு போய், பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் புதைக்கிறார்கள். ஏறத்தாழ 45 நாளில் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு மேலே வருகின்றன.

இதில் முட்டையைக் காப்பாற்றியது பாதி வேலை. மறுபாதி நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எங்கே இறந்த ஆமை என்று எழுதி வைக்கிறார்கள். ஆமைக்குஞ்சு வெளிச்சம் உள்ள திசையை நோக்கிப் போகும். கடலில் படும் நட்சத்திர ஒளியை நம்பித்தான் அது பல லட்சம் ஆண்டுகள் பிழைத்தது. கடற்கரையில் உயர்கோபுர விளக்கு வந்ததும் குஞ்சுகள் சாலைப்பக்கம் திரும்பின. ஆமைப் பருவத்தில் இரவில் விளக்குகளை அணையுங்கள் என்று கேட்க இவர்களால் முடிந்ததற்குக் காரணம், எந்த விளக்கின் பக்கம் குஞ்சுகள் போயின என்று இவர்களால் சொல்ல முடிந்ததுதான். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் சென்னைக் கரையோரம் இறந்து ஒதுங்கியபோதும் அப்படியே. கரையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர்கள் இருந்ததால் அது உடனே வெளியே தெரிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கக்கூடாது என்ற பழைய சட்டம் மறுபடி பேச்சுக்கு வந்தது. அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தும் பயனில்லாமல் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மரங்களுக்கு இதே வேலையை ‘நிழல்’ என்ற தன்னார்வ அமைப்பினர் செய்கிறார்கள். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தைக் கோட்டூர்புரம் மரப் பூங்காவாக 2006 முதல் வளர்த்தெடுத்தவர்கள் அவர்கள். 2015 வெள்ளம் அந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. மறுபடி இறங்கிச் சேற்றை ஒதுக்கினார்கள். நம் மண்ணுக்குரிய மரங்களை நட்டு, அவற்றுக்கிடையே மண் பாதை விட்டிருக்கிறார்கள். வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறை போய் நடந்து பாருங்கள்.

இப்போது என் மனத்துக்கு நெருக்கமான ஏரிகளுக்கு வருகிறேன்.

2019 கோடை பலருக்கு மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றோம். அந்தக் கோடையில் தென்சென்னைப் புறநகரான சிட்லபாக்கத்துக் குடியிருப்போர் வறண்ட ஏரிக்குள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அவர்கள் அள்ளிய மண் ஏரியின் பரப்புக்கு முன்னால் மிகக் கொஞ்சம்தான். ஆனால் வாராவாரம் பெரியவர்களும் குழந்தைகளும் வந்து அள்ளியதை ஊர் பார்த்தது, பத்திரிகைகள் எழுதின, அதிகாரிகள் நேரில் வந்தார்கள். பிறகு ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. தன்னார்வலர்களின் மண்வெட்டி ஏரியைத் தூர்வாரிவிடாது. தூர்வார வேண்டியவர்களை ஏரிக்கரைக்கு வரவழைக்கும்.

அந்த ஏரியோடு கதை முடிந்துவிடுவதில்லை. நம் முன்னோர் வெட்டிய ஏரி தனியாக நிற்பதில்லை. மேலே இருக்கும் ஏரி நிரம்பினால் கலங்கு எனப்படும் உபரிநீர்ப் போக்கி வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, கீழ் ஏரிக்கு வரத்தாகச் சேர்கிறது. சிட்லபாக்கத்தில் தொடங்கி செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது தண்ணீர். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் கழிமுகம், பிறகு கடல். இந்த வரிசையில் எங்கே ஒரு கால்வாய் அடைபட்டாலும் மேலே இருக்கும் தெரு மூழ்கும், கீழே இருக்கும் ஏரி காயும்.

நம் நலச்சங்கங்களின் எல்லை தெருக்கோடியோடு நின்றுவிடுகிறது. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. அதனால்தான் நண்பர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. ஏரியைச் சுற்றி நடப்பதோடு நிறுத்தாதீர்கள். கலங்கில் நின்று, தண்ணீர் போகும் திசையில் அடுத்த ஏரி வரைக்கும் நடந்து பாருங்கள். கையில் நில அளவை வரைபடமும் புல எண்ணும் இருக்கட்டும். வரைபடத்தில் இருபது அடி அகலமாக இருக்கும் கால்வாய் ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் காணாமல் போகும். சில இடங்களில் சாலைக்கு அடியில் ஒரு சின்னக் குழாயாகச் சுருங்கியிருக்கும். அந்த இடங்களைப் படம் பிடித்து, தேதி போட்டு, புல எண்ணோடு எழுதிக் கொடுத்த மனுவை எளிதில் ஒதுக்க முடியாது. ‘எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்’ என்று ஒரு வரியில் கொடுத்த மனு கோப்பிலேயே தூங்கும். எந்தத் துறையிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். ஏரி நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம், கால்வாய் மாநகராட்சியுடையதாக இருக்கலாம், கரையோரப் புறம்போக்கு வருவாய்த் துறையுடையதாக இருக்கலாம்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். குப்பைமேடும் கட்டடங்களும் சாலைகளும் தின்றது போக மிஞ்சிய சதுப்பு நிலம் அது. பறவை பார்ப்பவர்களும் சுற்றுவட்டாரக் குடியிருப்போரும் ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் அதன் விளிம்பில் நடந்து, பூநாரையையும் நீலத் தாழைக்கோழியையும் நீளவால் இலைக்கோழியையும் பதிவு செய்தார்கள். குப்பை எரியும் புகையையும் பதிவு செய்தார்கள். 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சதுப்பு நிலத்துக்காக நெடுங்காலம் உழைத்த ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025இல் ராம்சார் விருது கிடைத்தபோது, இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மனிதர் நம் ஊர்க்காரர் என்று மகிழ்ந்தேன். பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. சுற்றிலும் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது.

அடுத்து, பாதை. இதில் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. கேட்பவர்களில் சிலர் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம்.

ஏரிக்குப் பணம் வந்ததும் முதலில் என்ன கேட்கிறோம்? நடைபாதை. உடனே கரையை உள்பக்கமாக அகலப்படுத்தி, கான்கிரீட் தடுப்பு எழுப்பி, சிமெண்ட் கல் பதித்து, வரிசையாக விளக்குக் கம்பம் நட்டு, ஓரத்தில் உடற்பயிற்சிக் கருவிகளை வைக்கிறார்கள். நடப்பவர்களுக்கு வசதிதான். ஆனால் கரை உள்ளே நகர்ந்த அளவுக்கு ஏரி சுருங்கிவிட்டது. கொக்கும் உள்ளானும் இரை தேடுவது முழங்காலளவு தண்ணீரும் சேறும் சந்திக்கும் ஓரத்தில். அந்த ஓரத்தைச் செங்குத்துச் சுவராக்கிவிட்டால் அவற்றுக்கு அங்கே வேலையில்லை. இரவெல்லாம் விளக்கெரிந்தால் கரை மரங்களில் அடையும் பறவைகளும் இடம் மாறிப் போகும்.

மண் பாதை போதும். இரண்டு பேர் எதிரெதிரே ஒதுங்கிப் போகும் அகலம் போதும். மழைநீர் தேங்காமல் வழிய ஒரு பக்கமாகச் சற்றே சரிவு வேண்டும். சீமைக் கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று கரைமீது ஜேசிபியை ஏற்றி வேரோடு பிடுங்கக் கூடாது. கரை இளகி, பெருமழையில் அங்கேதான் உடைப்பெடுக்கும். அறுத்துவிட்டு, தளிர்க்கத் தளிர்க்கக் கழிக்க வேண்டும். இதற்கு இயந்திரம் உதவாது, மாதந்தோறும் வரும் ஆட்கள் வேண்டும். தன்னார்வலர்களைப் போல இதற்குப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை. கரையோரம் பனை விதை ஊன்றுங்கள். ஆவணியிலும் புரட்டாசியிலும் விழுந்த பழங்களின் கொட்டைகளைப் பொறுக்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஊன்றிவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காய்க்கப் பதினைந்து ஆண்டு ஆகலாம். கரையை வேர் பிடித்துக்கொள்ள அத்தனை காலம் ஆகாது.

பாதை போடும்போது யாரையும் விலக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் தன்னார்வக் குழுக்களில் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் அதிகம். ஏரியை அன்றாடம் அறிந்தவர்கள் வேறு: வலை வீசுபவர், மாடு ஓட்டி வருபவர், புல் அறுக்கும் பெண்கள். கழிவுநீர் லாரி எந்த இரவில் எந்த மூலையில் திறந்துவிட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளி வாளியாக அள்ளியவர்களில் மீனவர்களும் மாணவர்களும் தோளோடு தோள் நின்றார்கள். ஏரிக்கு வேலி போட்டு, நுழைவுக் கட்டணம் வைத்து, மாட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டால் அந்தக் காவலை நாமே இழக்கிறோம்.

இதையெல்லாம் பேச ஒரு சபையும் இருக்கிறது. இன்னும் ஊராட்சியாக இருக்கும் புறநகர்ப் பகுதிகளில் குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். கால்வாயின் பெயர், புல எண், அடைப்பு உள்ள இடம் ஆகியவற்றைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு நம் பருவங்களே அட்டவணை. மழைக்கு முன்னால் புரட்டாசியில் கால்வாய் நடை. பனை விதையையும் அப்போதே எடுத்துச் செல்லலாம். ஐப்பசி, கார்த்திகையில் கலங்கில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வழிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. தமிழ்நாடு முழுக்க மக்கள் தங்கள் ஊரில் கண்ட பறவைகளைப் பதிவு செய்கிறார்கள். காக்கையும் மைனாவும் மட்டுமே தெரிந்தவர்களும் கலந்துகொள்ளலாம். ஆமை நடையும் அதே பருவம்தான். பங்குனி வெயிலில் ஏரி வற்றத் தொடங்கும்போது கரையின் விரிசல்களையும் மதகின் பழுதையும் கண்ணால் பார்க்க முடியும். மராமத்துக்கு மனு எழுத அதுவே நல்ல நேரம். அந்த மனு சித்திரைக்குள் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்தால், மழைக்கு முன் வேலை முடிய இடமிருக்கிறது.

நன்றி. வணக்கம்.