மது தேவனும் காய்ந்த முகங்களும்

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பிய ஓவியங்களில் வரும் மது தேவன் பாக்கஸைப் பற்றிச் சில வார்த்தைகள். கிரேக்கர்கள் இவனை டயோனிசஸ் என்பார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் டிஷியன். வெனிஸ்காரர். ஃபெராரா நகரத்துப் பிரபுவுக்காக 1520 முதல் 1523 வரை வரைந்த படம் இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. சிறுத்தைகள் இழுக்கும் தேரிலிருந்து பாக்கஸ், கிரேக்கக் கதைகளில் வரும் இளவரசி அரியாட்னேயை நோக்கித் தாவுகிறான். பின்னால் தாளம் தட்டிக்கொண்டு ஒரு பெருங்கூட்டம். கண்கொள்ளாக் காட்சி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவரைக்கூட நாம் கடைத்தெருவில் பார்த்திருக்க மாட்டோம்.

அதற்கு நேர் எதிரானது நான் சொல்ல வந்த படம். ஸ்பெயினின் வெலாஸ்குவெஸ், 1628-29இல் வரைந்தது. மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘குடிகாரர்கள்’ என்பது அதற்கு மக்கள் வைத்த பெயர்.

கொஞ்சம் கண்ணை மூடிக் கேளுங்கள். இடதுபுறம் ஒரு வாலிபன், வெளுத்த உடம்பு, மேலே துணியில்லை, தலையில் திராட்சை இலை. அவன்தான் பாக்கஸ். எதிரே மண்டியிட்டிருப்பவனின் தலையில் இலைக்கிரீடம் வைக்கிறான். பாக்கஸின் பார்வையோ வேறெங்கோ. வலதுபுறம் முழுக்க ஏழை ஆட்கள். வெயிலில் கறுத்த முகம், சுருக்கம், நைந்த உடுப்பு. நடுவே தொப்பிக்காரர் ஒருவர் மதுக்கிண்ணத்தைப் பிடித்தபடி நம்மையே பார்த்துச் சிரிக்கிறார். ‘வா, உட்கார்’ என்பது போன்ற சிரிப்பு! நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவன் சாயங்காலம் திண்ணையில் சாய்கிறானே, அந்த ஆசுவாசம் அதில் இருக்கிறது.

தேவனை விட்டுவிட்டு அந்த முகங்களைப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வெலாஸ்குவெஸ் செவில்லேயில் வளர்ந்தவர். 1618இலேயே, பத்தொன்பது வயதில், முட்டை சமைக்கும் ஒரு கிழவியை அத்தனை மரியாதையோடு வரைந்தவர். அரண்மனை ஓவியரான பிறகும் அந்தக் கை மாறவில்லை. குடியானவர்களைக் கேலிப் பொருளாக்கிய ஓவியங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். இதில் எனக்குக் கேலி தெரியவில்லை. மறுபடியும் சொல்கிறேன், முகங்களைப் பாருங்கள். அரசர் நான்காம் பிலிப் நூறு டுகாட் பொன் கொடுத்தார், படத்தைத் தம் கோடைக்காலப் படுக்கையறையில் மாட்டிக்கொண்டார். ஒரு பேரரசர் தூங்கும் அறையில் இந்தக் குடியானவர்கள்!

இத்தாலிய ஓவியர் கரவாஜியோவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்று மட்டும். அவருடைய பாக்கஸ் ஃப்ளாரன்ஸில் உஃபிஸி கூடத்தில் இருக்கிறான். படம் கிடைத்தால் நகக்கண்ணில் அழுக்கைத் தேடுங்கள், தட்டில் அழுகும் பழத்தைத் தேடுங்கள், அப்புறம் கிண்ணத்து மதுவில் எழும் சிற்றலைகளையும். நன்றி, வணக்கம்.