துறை மாறிக்கொண்டே இருந்த சீமோர் பென்சர்

அவையில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். ஒரு மூலக்கூறு உயிரியலாளரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்ட ஆள் நோபல் பரிசு வாங்காதவர். அவர் போட்ட பாதையில் நடந்து போய் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பெயர் சீமோர் பென்சர். 1921இல் நியூயார்க்கில், போலந்திலிருந்து குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

நம் ஊரில் எழுதப்படாத ஒரு விதி உண்டு. எதில் பி.எச்.டி. வாங்கினாயோ அதிலேயே ஓய்வு பெற வேண்டும். நடுவில் துறை மாறினால், "என்ன, அங்கே சரிப்பட்டு வரவில்லையா?" என்று கேட்பார்கள். பென்சரை அப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் விட்டு வந்த ஒவ்வொரு இடத்திலும் அவருக்கு நன்றாகவே சரிப்பட்டு வந்தது. கூட்டம் சேர ஆரம்பித்ததும் கிளம்பிவிடுவார், அவ்வளவுதான். ஆனால் கையில் ஒன்றை மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டே போனார். லட்சக்கணக்கான உயிர்களுக்குள் ஒளிந்திருக்கும் விபரீதமான ஒன்று, தானே வெளியே வந்து நிற்கும்படி ஓர் ஏற்பாடு செய்வது. அந்த வித்தையைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் இயற்பியல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பர்டூ பல்கலைக்கழகத்தில், ரேடாருக்கான ஜெர்மேனியம் படிகங்கள் பற்றிய ரகசிய ஆராய்ச்சியில் இருந்தார். அதிக மின்னழுத்தத்தைத் தாங்கும் படிகங்களை அங்கே உருவாக்கினார்கள். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டருக்கு அந்த வேலையும் வழி போட்டது. அதே 1947இல்தான் பென்சர் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்த நேரத்தில் அந்தத் துறையை விட்டு எழுந்து போக யாருக்கு மனம் வரும்? இவர் போனார். ஷ்ரோடிங்கர் என்ற இயற்பியல் மேதை உயிரைப் பற்றி எழுதிய ஒரு சின்னப் புத்தகம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1948இல் நியூயார்க் பக்கத்தில் உள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்குப் போய், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள், அதாவது ஃபேஜ்கள் பற்றிய கோடைக்கால வகுப்பில் உட்கார்ந்தார். அப்புறம் சில ஆண்டுகள் கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில், ஃபேஜ் ஆராய்ச்சியின் முன்னோடியான டெல்புரூக்கிடமும், பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்திலும் கழிந்தன. பர்டூவுக்குத் திரும்பியபோது முழு உயிரியலாளர்.

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். 1950களின் தொடக்கத்தில் மரபணு என்றால் ஒரு மணி. மாலையில் கோத்த மணிபோல் குரோமோசோமில் வரிசையாக இருக்கிறது, அதை உடைக்க முடியாது என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். பென்சரிடம் இருந்தது டி4 என்ற ஃபேஜ். கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைப் படரவிட்டு அதன்மேல் ஃபேஜைத் தூவினால், ஃபேஜ் தின்ற இடமெல்லாம் சின்னச் சின்ன வட்டமாகத் தெளிந்துவிடும். இதில் ஆர்II என்று ஒரு சடுதிமாற்ற வகை, அதாவது மரபணுவில் பழுது (மியூட்டேஷன்) வந்த வகை. 'பி' என்ற பாக்டீரியாவின் மேல் இது பெரிய, கூர்மையான விளிம்புள்ள வட்டம் போடும். 'கே' என்ற இன்னொரு வகையின் மேல் தூவினால் ஒரு வட்டமும் வராது. முதல் முறை வெறும் தட்டைப் பார்த்தபோது, ஃபேஜைப் போட மறந்துவிட்டோம் என்றே பென்சர் நினைத்தாராம். திரும்பச் செய்தார். திரும்பவும் வெறும் தட்டு.

அந்த வெறும் தட்டுதான் அவருக்குப் பொக்கிஷம். எப்படி என்றால், இரண்டு வெவ்வேறு ஆர்II ஃபேஜ்களை ஒரே நேரத்தில் 'பி'க்குள் விட வேண்டும். உள்ளே அவற்றின் டி.என்.ஏ. துண்டுகள் இடம் மாறிக் கலக்கும். ஒன்றில் பழுதான இடம் மற்றதில் நன்றாக இருந்தால், எங்கோ அபூர்வமாக, பழுதே இல்லாத ஒரு குட்டி பிறக்கும். பிறந்த குட்டிகளை மொத்தமாக 'கே'யின் மேல் கொட்ட வேண்டியதுதான். பழுதானவை எல்லாம் ஊமையாகிவிடும். நல்லது மட்டும் வட்டம் போட்டு, "நான் இங்கே இருக்கிறேன்" என்று காட்டும். பத்துக் கோடியில் ஒன்று இருந்தாலும் பிடித்துவிடலாம். இரண்டு பழுதுகள் எவ்வளவு நெருக்கமோ, நல்ல குட்டி அவ்வளவு அபூர்வம். ஆக, வட்டங்களை எண்ணினால் தூரம் தெரியும்.

இப்படியே ஒரு மரபணுவின் உட்புறத்துக்கு வரைபடம் போட்டார். மணி உடைந்தது. ஒரு மரபணுவுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான இடங்களில் பழுது வரலாம், அதற்குள்ளேயே துண்டு மாறலாம் என்று தெரிந்தது. டி.என்.ஏ.வின் எழுத்துக்கு எழுத்து நெருங்கும் அளவுக்கு நுட்பம் அது. 1961இல் வெளியான படத்தில், தானாகவே தோன்றிய 1600க்கும் மேற்பட்ட சடுதிமாற்றங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஐந்நூறுக்கும் மேல் குவிந்து கிடந்தன. பழுதும் இடம் பார்த்துத்தான் வருகிறது! அதே ஆண்டில் பிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் என்ற மூலக்கூறு உயிரியலாளர்கள், மரபணு மொழி மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது என்று காட்டியது இதே ஆர்II பகுதியை வைத்துத்தான். வேறு யாராவது என்றால் அந்த ஒரு படத்தை வைத்தே மிச்ச ஆயுளை ஓட்டியிருப்பார்கள்.

நடுவில், 1962இல், அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ. பற்றிய ஓர் அழகான சோதனையிலும் பங்கெடுத்தார். அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மணி எட்டாகிவிடும். விடுங்கள்.

டெல்புரூக் ஒருமுறை பென்சரின் மனைவி டாட்டிக்கு, சீமோரை இவ்வளவு கட்டுரை எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கடிதமே எழுதினார். விளையாட்டாக எழுதியதுதான். ஆனால் பென்சருக்கே அலுப்பு தட்டியிருந்தது. ஃபேஜ் துறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதோடு வீட்டில் ஒரு புதிர். அவருக்கு இரண்டு பெண்கள். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு; குணம் மட்டும் முற்றிலும் வேறு. குணமும் மரபணுவில் இருக்கிறதா? 1960களின் நடுவில் கால்டெக் போய்ப் பழ ஈயைக் கையில் எடுத்தார். ஈயின் மூளையை ஆராயப் போகிறார் என்று கேட்ட அவருடைய அம்மா, அப்படியானால் முதலில் இவன் மூளையைப் பார்க்க வேண்டாமா என்று மருமகளிடம் கேட்டதாகச் சொல்வார்கள்.

அந்த ஈ ஆராய்ச்சியின் முதல் கருவி வெறும் சோதனைக்குழாய்கள். இரண்டு வரிசைக் குழாய்கள், வாயோடு வாய் பொருந்தும்படி. முதல் குழாயில் ஈக்களைப் போட்டுத் தட்டி அடியில் விழவைத்து, மறுமுனையில் விளக்கு. வெளிச்சத்தை விரும்பும் ஈ எதிர்க்குழாய்க்கு ஓடும். வரிசையை ஒரு குழாய் தள்ளி நகர்த்தி, மறுபடி தட்டி, மறுபடி விளக்கு. முறத்தில் புடைப்பதுபோல், சில சுற்றுகளில் ஈக்கள் குணவாரியாகப் பிரிந்துவிடும். வெளிச்சத்தைச் சட்டை செய்யாமல் பின்தங்கி நிற்பவைதான் நமக்கு வேண்டியவை. 1967இல் இது வெளிவந்தது. ஃபேஜ் தட்டில் செய்த அதே வேலை, இப்போது நடத்தைக்கு.

அவருடைய மாணவர் ரொனால்ட் கொனொப்கா இன்னும் துணிந்து இறங்கினார். வளர்ந்த பழ ஈக்கள் கூட்டுப்புழுக் கூட்டிலிருந்து பொதுவாக விடியலில்தான் வெளிவரும். தப்பான நேரத்தில் வருபவற்றைத் தேடினார். மூன்று வகை கிடைத்தன: ஒன்றுக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதுக்குக் கடிகாரமே இல்லை. மூன்றும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே மரபணுவில் வந்த பழுது! டெல்புரூக் நம்பவே மறுத்தாராம். 1971இல் கட்டுரை வந்தது. அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து வேலையைத் தொடர்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் நோபல் வாங்கினார்கள். ஹால் பென்சரிடம் பயின்றவர். பென்சர் 2007இலும் கொனொப்கா 2015இலும் இறந்துவிட்டார்கள். இறந்தவருக்கு நோபல் கிடையாது. எனக்கு இதில் கொனொப்காவை நினைத்துத்தான் வருத்தம். பென்சருக்கு வேறு பெரிய விருதுகளாவது நிறையக் கிடைத்தன.

1970களில் அதே ஆய்வகத்தில் ஈக்களுக்குப் பாடம் நடத்தினார்கள். ஒரு வாசனையோடு மின் அதிர்ச்சி; மறுமுறை அந்த வாசனை வந்தால் விலகிப் போகிறதா என்று பார்ப்பது. படித்தது மண்டையில் ஏறாத ஒரு ஈயும் கிடைத்தது. அதற்கு 'டன்ஸ்', அதாவது மக்கு என்றே பெயர் வைத்தார்கள். பின்னாளில் முதுமை பக்கம் திரும்பினார். சாதாரண ஈயைவிட 35 சதவீதம் கூடுதலாக வாழும் ஈயைப் பற்றி 1998இல் எழுதும்போது வயது எழுபத்தேழை நெருங்கியிருந்தது.

நமக்குப் பக்கத்து ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. சூடு ஏறினால் முடங்கி விழுந்து, குளிர்ந்ததும் எழுந்து நடக்கும் ஈக்களைப் பற்றி 1976இல் பென்சரோடு சேர்ந்து எழுதியவர் ஒபைத் சித்திக்கி. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கியவர். அவரும் இதே ஜாதி: பூஞ்சை, பாக்டீரியா என்று போய், கடைசியில் ஈயின் மோப்பத்திலும் சுவையிலும் வந்து நின்றார். பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைக் கட்டியெழுப்பியவரும் அவர்தான். இங்கே உட்கார்ந்திருக்கும் எம்.எஸ்சி. பிள்ளைகளில் யாருக்காவது ஈ பிடிக்கும் ஆசை வந்தால், ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.