தவிட்டுக்கு வந்த கை

(மட்டக்களப்புப் படுவான்கரையில் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, ஆலய வண்ணக்கர்மாரே, மண்முனைப் பாலம் கடந்து வந்திருக்கும் பள்ளிவாசல் பெரியவர்களே, மாதர் சங்கத் தாய்மாரே, பின்னால் நிற்கும் கமக்காரத் தம்பிமாரே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். ஆலைச் சொந்தக்காரர்களை வேண்டுமென்றேதான் விட்டேன். அவர்களுக்குரியது கடைசியில் வருகிறது.

நார்ச்சத்தைப் பற்றி மூன்று விஷயம் பேச எண்ணம்: மலச்சிக்கல், சீனி வருத்தம், இரத்தக் கொழுப்பு.

நார் நம் சிறுகுடலில் செரிக்காது; அதுதான் அதன் பெருமை. கரையாத நார் தண்ணீரைப் பிடித்து மலத்தைப் பருமனாக்கி நகர்த்தும். கரையும் நார் கூழாகி, சோற்றுச் சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். வளர்ந்தவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. தீட்டிய வெள்ளைச் சோறு 100 கிராமில் ஒரு கிராம்கூட இல்லை. தீட்டாததில் ஏறக்குறைய இரண்டு. அவித்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் 12 இருக்கிறது, கௌபிப் பயற்றில் 11. சோற்றால் மட்டும் 25 வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வேளையும் நாம் உண்பது சோறும் பிட்டும் இடியப்பமும்தானே? ஆகவே அரிசிக்கே வருகிறேன்.

நெல்லை ஆலையில் போட்டால் முதலில் உமி கழரும். அங்கேயே நிறுத்தினால் தவிட்டோடு அரிசி. அடுத்த பொறி தீட்டுவது. ஓடும் ஒவ்வொரு முறையும் தவிடு உரியும், எடையில் பத்தில் ஒரு பங்குவரை. சிவப்பு நிறமும் அந்தத் தோலில்தான். வெளுத்து இளஞ்சிவப்பாய்க் கிடக்கும் அரிசியைச் சிவப்பரிசி என்று வாங்கி ஏமாறாதீர்கள். தவிட்டுக்கு வந்த கை தனத்துக்கும் வரும்!

இதைக் கேளுங்கள். 1880களின் கடைசி. ஜாவாவில் பத்தாவியா நகரம். கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், கால் தளர்ந்துபோகும் பெரிபெரி என்ற நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய கோழிகள் கால் தளர்ந்து விழுகின்றன. கிருமி அகப்பட்டது என்று இவர் நினைக்க, சில மாதத்தில் அவை தாமாக எழுந்து நடக்கின்றன! விசாரித்தால், குசினி விவகாரம். செலவு மிச்சம் பிடிக்க, இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாய் வந்த சமையற்காரர், படையினர் சோற்றை ஊர்க் கோழிக்குத் தரமுடியாதென்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறினார்கள், கோழி பிழைத்தது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு. சமையற்காரருக்கு ஒரு மாலையாவது போட்டார்களோ? அது நார் அல்ல, உயிர்ச்சத்து பி1 என்பீர்கள். சரிதான். இரண்டும் போவது ஒரே தவிட்டுச் சாக்கில்தானே! தவிட்டுக்கு வந்த கை தனத்துக்கும் வரும்.

தாய்மாரே, தீட்டாத அரிசிக்கு ஒரே நாளில் மாறாதீர்கள். முதல் வாரம் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த வாரம் பாதி, பிறகு முழுவதும். பெருங்குடற் கிருமிகள் பழக நாள் வேண்டும். அவசரப்பட்டால் வயிறு ஊதும், வாயு பிரியும். தண்ணீரையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மலம் இன்னும் இறுகும். சிறுநீரக நோயாளர் மட்டும் வைத்தியரிடம் கேட்டே மாற்ற வேண்டும். அரிசியை ஒரு மணிநேரம் ஊறவைத்து, ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கோப்பை தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் வேகவிடுங்கள். வேகவில்லை என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ஊறவைக்காதவர்கள்.

தவிட்டில் எண்ணெய் உண்டு. பச்சையரிசியானால் நாள் பட்டால் காறல் மணம் வரும். மாதக்கணக்கில் குற்றி அடுக்காதீர்கள். புழுங்கல் கூடுதல் நாள் தாங்கும்.

இனி ஆலைக்காரர்களே! ஐந்து கிலோவுக்காகப் பொறியை மாற்றி ஓட்ட உங்களுக்குக் கட்டாது, தெரியும். பத்து வீடு சேர்ந்து மூடைக்கணக்கில் கொண்டுவந்தால், கிழமையில் ஒரு நாள் தீட்டுப்பொறியை நிறுத்தி உமியை மட்டும் கழற்றித் தாருங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

தலைவர் துண்டு அனுப்பிவிட்டார். இரத்தக் கொழுப்பை இன்னொரு மேடையில் பேசுவோம். பெயர் பதியும் கொப்பி வாசலில் மாதர் சங்கத்தாரிடம் இருக்கிறது. எத்தனை மூடை என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.