பெருவிரலில் கட்டிய கயிறு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

31 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நர்சம்மாதான். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த தாயைப் பார்க்கப் போனால், பால் சுரக்கிறதா, தொப்புள் காய்ந்துவிட்டதா, அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்று வரிசையாகக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, நான் கிளம்பும்போது வாசல்படி வரைக்கும் வந்து அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நர்சம்மா, புள்ள ராத்திரி தூங்கவே மாட்டேங்குது. என்ன செய்ய?"

அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அந்தக் கேள்விக்கு நான் முழுசாகப் பதில் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

ஒரு வீட்டில், ஏழு மாதப் பெண் குழந்தை. எடை பார்த்துவிட்டுத் தாயின் காலைத் தற்செயலாகப் பார்த்தேன். வலது கால் பெருவிரலைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு சிவந்த தடம். "என்னம்மா இது?" என்றேன். தூளிக் கயிறு என்றாள். தூளியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு கீழே பாயில் படுத்துக்கொள்வாளாம். பிள்ளை சிணுங்கினால் காலை இழுப்பாள், தூளி ஆடும். அவளுடைய அம்மா சொல்லிக்கொடுத்த வழி. முந்தின இரவு எத்தனை தடவை இழுத்தாய் என்று கேட்டேன். ஒன்பது வரைக்கும் எண்ணினாளாம், அப்புறம் எண்ணவில்லை. சொல்லும்போதே அவள் கண் சொருகியது.

அந்தக் கயிற்றில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

தூக்கம் என்பது ஒரே நீட்டாகப் போவது இல்லை. ஆழத்துக்குப் போய், மேலே வந்து, திரும்ப ஆழத்துக்குப் போகும். பெரியவர்களுக்கு இந்தச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50, 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்பு வரும். நமக்கும் வருகிறது. புரண்டு படுத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறோம், காலையில் ஞாபகம்கூட இருப்பதில்லை. ஆனால் உள் அறையில் படுத்த நீங்கள் விழித்துப் பார்க்கும்போது திண்ணையில் கிடந்தால்? எழுந்து உட்கார்ந்து சத்தம் போடுவீர்கள். ஆடுகிற தூளியில் தூங்கிய பிள்ளைக்கு, தூளி நின்றுபோயிருப்பது அப்படித்தான். மார்பில் பால் குடித்தபடியே தூங்கிய பிள்ளை, மார்பைக் காணோமே என்று தேடும். தோளில் தூங்கிய பிள்ளை தோளைத் தேடும். அது அடமும் இல்லை, கண்திருஷ்டியும் இல்லை. தூங்கப் போகும்போது கூட எது இருந்ததோ, அதை நடுராத்திரியிலும் கேட்கிறது. அவ்வளவுதான்.

அதனால் பிள்ளை எத்தனை தடவை விழிக்கிறது என்பதை விட, முதலில் எப்படித் தூங்கப் போகிறது என்று பாருங்கள்.

முதல் மூன்று மாதத்துக்கு இந்தப் பேச்சே வேண்டாம். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இரவு, பகல் என்று பழக்கம் கிடையாது. நீங்கள் நடக்கும்போது தூங்கியது, நீங்கள் படுத்ததும் உதைத்தது, ஞாபகம் இருக்கும். தூக்கத்துக்கு உதவுகிற மெலடோனின் என்ற சுரப்பு, பிள்ளையின் உடம்பிலேயே நேரம் தவறாமல் ஊற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை தாயின் இரவுப் பாலில் அது கொஞ்சம் கிடைக்கிறது. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்க வேண்டும், இரவிலும்தான். குடிக்கக் கொடுங்கள். இரவில் பால் கொடுக்கும்போது விளக்கைப் போடாமல், கொஞ்சிப் பேசாமல், செல்போன் வெளிச்சம் முகத்தில் படாமல் கொடுத்தால் போதும். பகலில் அதற்கு நேர்மாறாக இருக்கட்டும். பேறு பார்த்த அறையை இருட்டாக அடைத்து வைக்கிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. காலையில் கதவைத் திறந்துவிடுங்கள். வெளிச்சம் பார்த்துத்தான் பிள்ளை பகல் எது, இரவு எது என்று படிக்கிறது.

எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்றும் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு இது. மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம். நாலு மாதத்திலிருந்து பதினோரு மாதம் வரை 12 முதல் 16. ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 11 முதல் 14. எல்லாமே பகல் தூக்கத்தையும் சேர்த்துத்தான்.

சரி, அந்தப் பெருவிரல் பெண்ணுக்கு என்ன சொன்னேன்? முதலில் மாலையை ஒழுங்கு பண்ணச் சொன்னேன். ஏழரை மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு துடைத்து, தளர்வான பருத்திச் சட்டை போட்டு, பால் கொடுத்து, சின்ன விளக்கில் ஒரு தாலாட்டு. தினமும் அதே வரிசை, ஏறக்குறைய அதே நேரம். 2009-ல் அமெரிக்காவில் குழந்தைகளின் தூக்கத்தை ஆராயும் ஜோடி மிண்டல் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 405 தாய்மாரிடம் இப்படி ஒரு வரிசையைப் பழக்கிப் பார்த்தார்கள். குளியல், உடம்பு தடவல், அமைதியான விளையாட்டு அல்லது பாட்டு, அப்புறம் படுக்கை. இரண்டே வாரத்தில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழிப்பது குறைந்தது, தாய்மாரின் மனநிலையும் தேறியது. இந்த வரிசை நமக்குப் புதுசு இல்லை. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால்தான் தாலாட்டு. பிள்ளைத்தமிழில் தாலுக்கென்றே ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளைக்கு வேண்டியது உங்கள் குரல்.

அடுத்ததுதான் கஷ்டமானது. பிள்ளை நன்றாகத் தூங்கிய பிறகு கீழே போடாமல், கண் சொருகும்போதே, கொஞ்சம் விழிப்பு இருக்கும்போதே பாய் விரிப்பில் போட வேண்டும். கொட்டாவி விடும், காதைப் பிடித்து இழுக்கும், ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும். அதுதான் நேரம். அதைத் தவறவிட்டால் அசதியில் அழ ஆரம்பித்துவிடும். போட்டதும் சிணுங்கினால் உடனே தூக்காமல், பக்கத்தில் படுத்து வயிற்றில் கை வைத்து மெல்லத் தட்டலாம். பிறகு தட்டாமல் கையை மட்டும் வைக்கலாம். பிறகு கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் மட்டும் இருக்கலாம். அறையில் தனியாக அழவிட்டுக் கதவைச் சாத்துகிற முறையை நான் யாருக்கும் சொன்னதில்லை. நம் வீடுகளுக்கு அது பொருந்தாது, தாய்மார் மனசும் கேட்காது. கூடவே இருந்துகொண்டு, உதவியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் போதும்.

அந்த வீட்டில் முதல் மூன்று இரவு பிள்ளை ரொம்ப அழுதது. பாட்டி கோபப்பட்டார். "புள்ளயக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று என்னிடமே கேட்டார். நான்காவது இரவு அழுகை குறைந்தது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு வந்தபோது, இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறது, பால் குடித்துவிட்டுத் தானாகத் தூங்குகிறது என்றாள். சரியாக அந்த வயதில்தான் பிள்ளைகளுக்குத் தாயைப் பிரியும் பயம் வரும், நன்றாகத் தூங்கிய பிள்ளையும் திரும்ப எழுந்து அழும். கொஞ்ச நாளில் அது தணியும், பழையபடி கயிற்றைக் கட்டாதே என்று சொல்லி அனுப்பினேன்.

தூளியை நான் வெறுக்கவில்லை. நானும் அதில் தூங்கினவள்தான். பகலில், கண் முன்னால், தொட்டில் கம்பு போட்டுத் துணி முகத்தை மூடாமல் இருந்தால் கட்டுங்கள். குழந்தை தானாகப் புரளவோ எழுந்து உட்காரவோ ஆரம்பித்துவிட்டால் அவிழ்த்துவிடுங்கள். பெரிய பிள்ளைகள் தூளியில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிப் போன சாவுகளை எங்கள் பகுதியிலேயே பார்த்திருக்கிறேன். ஆட்டாத நேரத்தில் துணியைச் சுருட்டி மேலே போட்டுவிடுங்கள், தயவுசெய்து.

இரவுக்குத் தட்டையான, கெட்டியான விரிப்பு. தாய்க்குப் பக்கத்தில், ஆனால் தனி விரிப்பில். தலையணை, மெத்தென்ற பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். பிள்ளையை மல்லாக்கப் போடுங்கள். கக்கினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும் என்று பாட்டிமார் பயப்படுவார்கள். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு அப்படி ஆவதில்லை. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1991-ல் பிரிட்டனிலும் 1994-ல் அமெரிக்காவிலும் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேர்ந்த சிசு மரணங்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. குடித்திருப்பவர், பீடி, சிகரெட் பிடிப்பவர் பக்கத்தில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கவே வேண்டாம். வீட்டுக்குள் ஸ்வெட்டரும் குல்லாவும் நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை. பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்கு ஒரு கொசுவலை இருக்கும். எத்தனை வீடுகளில் அது பிரிக்காமலேயே பீரோ மேல் கிடக்கிறது! ராத்திரி அழுகைக்குக் கொசுவும் ஒரு காரணம்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தூங்குவதற்காக எதையும் வாயில் ஊற்றாதீர்கள். பிராந்தித் துளி, கசகசா, சளி மருந்து எதுவுமே கூடாது. சளி மருந்து குடித்த நான்கு மாதக் குழந்தை ஒன்றை எழுப்ப முடியாமல் மடியில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளை பிழைத்தது. அந்த வழி முழுக்க அதன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனதை நான் மறக்க மாட்டேன். ஒரு வயது வரை தேனும் கூடாது. பல் முளைத்த பிள்ளைக்குப் பால் புட்டியை வாயில் வைத்துத் தூங்க வைத்தால் முன்பற்கள் சொத்தையாகிவிடும்.

நடக்கிற பிள்ளைகள் ஏன் பதினோரு மணி வரை தூங்குவதில்லை என்றால், வீடே தூங்குவதில்லை. 17 நாடுகளிலும் பகுதிகளிலும் மூன்று வயது வரையுள்ள 29,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தூக்கத்தைக் கேட்டறிந்த ஓர் ஆய்வில், நியூசிலாந்துக் குழந்தைகள் ஏழரை மணிவாக்கில் படுக்கப் போனார்கள், ஹாங்காங் குழந்தைகள் பத்தேகால் மணிக்கு. ஆக, இது பிள்ளையின் சுபாவம் இல்லை, வீட்டின் வழக்கம். டிவி சீரியல் முடியட்டும் என்றால் பிள்ளையும் முடியட்டும் என்றுதான் இருக்கும். ஒன்பதரைக்கு வேலை முடிந்து வரும் அப்பா, நாள் முழுக்கப் பார்க்காத பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறார். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த விளையாட்டைக் காலைக்கு மாற்றி, இரவில் தோளில் போட்டுக் கதை சொல்லலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குட்டித் தூக்கம் போடவும் விட வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்? தினமும் குறட்டை விட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே காட்டுங்கள். இரவு முழுக்கக் காலை உதறிப் புரண்டுகொண்டே இருக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முடிந்த பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு தடவை கொடுக்கச் சொல்லித் தரும் இரும்புச்சத்து மருந்தை அலமாரியில் வைத்து மறந்துவிடாதீர்கள்.

கடைசியாகத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதை அசதி என்று விட்டுவிட வேண்டாம். உங்கள் ஊர் நர்சம்மாவிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. இன்று இரவு பால் குடித்து முடித்த பிள்ளையை ஏப்பம் விட வைத்துப் படுக்க வைக்கும் வேலையை அப்பாவோ பாட்டியோ வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கட்டும்.

நன்றி, வணக்கம்.