குப்பிக்குள் சலைன் தானாகப் பாய்ந்ததைப் பார்த்துவிட்டேன்!

வணக்கம் நண்பர்களே. கேமராவை நேராக வைக்கக்கூடப் பொறுமை இல்லை, விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசியின் மருந்துக் குப்பியைக் காட்டிவிட்டார்கள்! நான் கேட்டதும் அந்தத் தோல் மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து, அட்டைப்பெட்டியோடு எடுத்துவந்து, "நீங்களே படித்துப் பாருங்கள்" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

போன வீடியோவைப் பார்த்தவர்களுக்கு என் கோபம் நினைவிருக்கும். முதலில் போன கிளினிக்கில், "என்ன மருந்து, எத்தனை யூனிட்?" என்று கேட்டேன். "அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நெற்றிக்கு ஒரு பேக்கேஜ் இருக்கிறது" என்றார்கள். ஏற்கெனவே நிரப்பிய சிரிஞ்சு ஒன்று தட்டில் தயாராகக் கிடந்தது. உள்ளே இருப்பது என்ன, எப்போது கலக்கியது, யாருக்காகக் கலக்கியது, ஒன்றுக்கும் பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் போய் இவ்வளவு பிடிவாதமா என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஆமாம், இவ்வளவு பிடிவாதம்தான். ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

முதலில் குப்பி. அதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. கைக்குள் அடங்கிவிடும் சின்னக் கண்ணாடிக் குப்பி. பார்த்தால் காலியாகத் தெரிகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும். மருத்துவர் சிரிஞ்சில் சலைனை, அதாவது மருந்தைக் கரைக்கும் உப்புநீரை எடுத்து, ரப்பர் மூடியில் ஊசியைச் செலுத்தினார். சிரிஞ்சை அழுத்தவே இல்லை. சலைன் தானாக உள்ளே பாய்ந்தது! குப்பிக்குள் காற்றை எடுத்து வெற்றிடமாக அடைத்திருப்பதால் அதுவே இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுக்கவில்லை என்றால் அந்தக் குப்பியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று தயாரிப்பாளரின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. "இன்னொரு தடவை காட்ட முடியுமா?" என்று கேட்டேன். ஒரு குப்பிக்கு ஒரு தடவைதானாம். நியாயம்தான். கலக்கிய மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. இப்போது அந்தத் தட்டில் கிடந்த சிரிஞ்சை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது யூனிட். இதில்தான் எனக்கு எரிச்சல் அதிகம். புருவ மத்தியில் விழும் கோடுகளுக்குப் போடாக்ஸ் என்றால் வழக்கமான அளவு 20 யூனிட், ஐந்து இடங்களில் பிரித்துப் போடுவார்கள். அதே கோடுகளுக்கு, வேறொரு நிறுவனத்தின் இதே வகை மருந்தான டிஸ்போர்ட் என்றால் 50 யூனிட். டிஸ்போர்ட் வீரியம் குறைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் யூனிட்டைத் தன் முறையில் அளக்கிறது. ஒன்றின் யூனிட்டை இன்னொன்றாக மாற்றிக் கணக்குப் போட முடியாது. ஆகவே மருந்தின் பெயரைச் சொல்லாமல் "50 யூனிட் போடுகிறோம்" என்றால் அதற்கு அர்த்தமே கிடையாது. பெயரும் வேண்டும், எண்ணும் வேண்டும். இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனால் அந்தத் தாள் உங்களுக்கு உதவும்.

இது என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பழைய வீடியோவில் விரிவாகவே பேசியிருக்கிறேன். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சு இது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பின் நுனியிலிருந்து வெளிவருவதைத் தடுக்கிறது. கட்டளை வராததால் தசை சுருங்குவதில்லை, தசை சுருங்காததால் மேலே இருக்கும் தோல் மடிவதில்லை. சில நாட்களில் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். மூன்று நான்கு மாதங்களில் நரம்பு மறுபடி வேலைக்கு வந்துவிடும். "போட்ட மறுநாளே ஒன்றும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டேன்" என்று எழுதியவரே, பொறுங்கள்! இரண்டு வாரம் முடியும் முன் மேலும் போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அட, ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். எல்லாச் சுருக்கமும் இதற்கு மசியாது. புருவத்தை நெரிக்கும்போதும் சிரிக்கும்போதும் விழும் கோடுகளுக்குத்தான் இது. முகம் சும்மா இருக்கும்போதே ஆழமாகத் தெரியும் கோடு, பல வருடம் மடித்துவைத்த தாளின் மடிப்பு மாதிரி. தசையைத் தளர்த்தினால் மென்மையாகலாம், முழுவதும் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வெயில் கெடுத்த தோலுக்கும் இது மருந்து இல்லை.

நெற்றி முழுக்க அசையாமல் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ரசனையை விடுங்கள், அதற்கு உடற்கூறு சார்ந்த காரணமே இருக்கிறது. புருவத்தை மேலே தூக்க நமக்கு இருப்பது நெற்றித் தசை ஒன்றுதான். கீழே இழுக்கும் தசைகளோ பல. தூக்கும் தசையை மட்டும் அளவுக்கு மீறித் தளர்த்தினால் புருவம் இறங்கிவிடும், கண் பாரமாகத் தெரியும். அதனால்தான் நெற்றிக்குப் போடும்போது புருவ மத்திக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். நான் புருவ மத்தியோடு நிறுத்திக்கொண்டேன். பேசும்போது என் நெற்றி ஏறி இறங்குவதை நீங்கள் எத்தனை வீடியோவில் கிண்டல் செய்திருக்கிறீர்கள்! அது அப்படியே இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

பக்கவிளைவுகள். தலைவலி, ஊசி போட்ட இடத்தில் வலி, சின்னக் கன்றல், இவையெல்லாம் வரும், போகும். எல்லோரும் பயப்படுவது இமை தொங்குவதற்கு. புருவ மத்தி ஊசிக்கான ஆய்வுகளில் நூற்றில் சுமார் மூன்று பேருக்கு அது நேர்ந்திருக்கிறது. மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவுவதால் வருவது. சில வாரங்களில் தானாகச் சரியாகும். அதுவரை இமையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க அப்ராக்ளோனிடின் என்ற கண் சொட்டு மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம். ஆனால் போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஹயலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலூரானிடேஸ் இருக்கிறது, இதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஃபில்லரும் இதுவும் ஒன்று என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம். ஃபில்லர் பள்ளத்தை நிரப்புவது, அதன் ஆபத்துகள் வேறு. அது ரத்தக் குழாயில் போய் அடைத்தால் பார்வையே போகலாம்.

இப்போது நான் பிடிவாதம் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நச்சு ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவினால் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் வரலாம் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009இல் சேர்த்தது. சுருக்கத்துக்கான பரிந்துரைத்த அளவில் போட்டபோது அப்படிப் பரவிப் பெருந்தீங்கு நேர்ந்ததாக உறுதியான பதிவு இல்லை என்று போடாக்ஸின் குறிப்பு சொல்கிறது. அசல் மருந்து, சரியான அளவு, தெரிந்த கை. இந்த மூன்றும் இருந்தால் எனக்குப் பயம் இல்லை.

போலியில் நடப்பது வேறு. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் போலிப் போடாக்ஸ் பிடிபட்டது, சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த அட்டைப்பெட்டியில் 150 யூனிட் என்று அச்சிட்டிருந்தது. அசல் நிறுவனம் 150 யூனிட்டில் தயாரிப்பதே இல்லை! சுருக்கத்துக்கான போடாக்ஸ் 50, 100 யூனிட் குப்பிகளில்தான் வருகிறது. பெட்டியைப் படித்திருந்தாலே பிடித்திருக்கலாம். நான் பெட்டியைக் கேட்டது இதற்குத்தான். 100 என்று பார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தேன்.

இணையத்தில் குப்பி வாங்கி, வீட்டிலேயே கண்ணாடி பார்த்துப் போட்டுக்கொள்ளும் வீடியோக்களை எனக்கு அனுப்பாதீர்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. ஊசி போட்ட சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் பார்வை இரண்டாகத் தெரிந்தால், பேச்சு குழறினால், விழுங்க முடியவில்லை என்றால், மூச்சு திணறினால், கிளினிக்கின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், இந்த ஊசி போட்டதைச் சொல்லுங்கள். நச்சுமுறி மருந்து இருக்கிறது; மேலும் மோசமாவதை அது தடுக்கும், ஏற்கெனவே செயலிழந்த தசையை உடனே மீட்காது. நேரத்தோடு போவது அதனால்தான் முக்கியம்.

இன்னும் ஒன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள் தள்ளிப்போடுங்கள். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு, தசை நோய் உள்ளவர்கள் அதை மறைக்கக் கூடாது, அவர்களுக்கு ஆபத்து அதிகம். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் எடுப்பவர்களும் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் விளைவு கூடும். டிஸ்போர்ட் என்றால் பசும்பால் புரத ஒவ்வாமையையும் கேட்பார்கள். என்னிடம் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் ஊசியையே எடுத்தார் அந்த மருத்துவர்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். இன்றைக்கு ஒப்பனை இல்லாமல் உட்கார்ந்திருப்பது அதனால்தான். இதோ, புருவத்தை நெரிக்கிறேன், பாருங்கள். இன்னும் கோடு விழுகிறது. இதே வெளிச்சத்தில், இதே இடத்தில், முழுப் பலன் தெரியும்போது மறுபடி எடுத்துக் காட்டுகிறேன். அதுவரை உங்களுக்குப் போட்ட மருந்தின் பெயரும் யூனிட்டும் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் நாளைக்கே போன் செய்து கேளுங்கள்.