நொறுங்கத் தின்னப் பல் வேண்டும்
(மண்டபத்தில் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, படகுகள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து இந்த மாலையைக் குறித்துக் கொடுத்த மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்த தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக ஒரு கட்டுப் பனங்கிழங்கைக் கையில் கொடுத்த வாசகர் வட்டத் தம்பிகளுக்குத் தனியே நன்றி சொல்கிறேன். மென்று தின்பதைப் பற்றிப் பேச வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறில்லை.

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பது நம் பழமொழி. தேங்காய், கேரட், வெள்ளரி, நிலக்கடலை போன்றவற்றைப் பச்சையாக மென்று தின்பதற்கும், மிக்சியில் அரைத்துக் குடிப்பதற்கும் செரிமானத்தில் என்ன வேறுபாடு என்பதை மூன்று பகுதிகளாகச் சொல்ல நினைக்கிறேன். வாய் செய்யும் வேலை முதலாவது. மிக்சி செய்யும் வேலை இரண்டாவது. பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் எதை வைப்பது என்பது மூன்றாவது.

செரிமானம் வயிற்றில் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது வாயில் தொடங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீரில் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது. மாவுச்சத்தை உடைக்கும் வேலையை அது அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. 1904-இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பாவ்லோவ், நாய் விழுங்கிய உணவு வயிற்றை எட்டாமல் கழுத்தின் வழியாகவே வெளியேறும்படி செய்து பார்த்தார். அப்போதும் வயிற்றில் செரிமான நீர் சுரந்தது. வாய்க்குள் உணவு வந்துவிட்டது என்ற செய்தி நரம்பின் வழியே முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பச்சைக் காய்கறியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் செல்களைச் சுற்றியுள்ள சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது; அதைச் செரிக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. வேகவைத்தால் அந்தச் சுவர் இளகிக்கொடுக்கும். பச்சையாகத் தின்றால் பல்தான் அதை உடைத்தாக வேண்டும். அரைகுறையாக மென்று விழுங்கிய துண்டுகள் பெருங்குடல் வரை போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து, வாயுவும் வயிற்று உப்புசமும் உண்டாக்குகின்றன. பச்சைக் காய்கறி தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது அவசரம்தான் என்பது என் கருத்து.

மிக்சியை நான் குறை சொல்ல மாட்டேன். பல்லைவிட நன்றாக அது செல் சுவரை உடைக்கிறது. அதனால் கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்தும், கடலையின் கொழுப்பும் கூடுதலாக உடலில் சேர்கின்றன. ஆனால் அரைத்ததை வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடுகிறது. மடமடவென்று குடித்தால் உமிழ்நீர் கலக்கவும் நேரமில்லை. முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், நார் நீக்கிய சாறு மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 1977-இல் வெளிவந்தது. சாற்றை முழுப்பழத்தைவிட 11 மடங்கு வேகமாக உட்கொள்ள முடிந்தது. ஆனால் வயிறு நிறைந்த உணர்வு சாற்றில்தான் மிகக் குறைவு.

இந்த இடத்தில் நம் பகுதியில் நான் கண்ட ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இளவயதில் தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போனவர். இப்போது வாயில் ஒரு பல்லும் இல்லை. பேரன் அன்போடு கேரட்டை மிக்சியில் அடித்து, வடிகட்டி, டம்ளரில் கொண்டுவந்து நீட்டினான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "தண்ணியா உள்ள போகுதுடா, தின்ன மாதிரியே இல்ல" என்று கீழே வைத்துவிட்டார். பிறகு முந்தானையால் தம் இரும்பு வெற்றிலை உரலைத் துடைத்தார். நான்கு கீற்றுத் தேங்காய், ஒரு பிடி நிலக்கடலை, சுண்டைக்காய் அளவு கருப்பட்டி ஆகியவற்றை உள்ளே போட்டு, சிறு உலக்கையால் டொக் டொக்கென்று இடித்தார். உரலின் விளிம்பில் தேங்காய்ப்பால் கசிந்து நின்றது. விரலால் வழித்து வாயில் போட்டவர் விழுங்கவில்லை; ஈறுக்கும் நாக்குக்கும் நடுவே வெகுநேரம் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஏன் ஆத்தா, அதான் மசிஞ்சிருச்சே?" என்று கேட்டேன். "பல்லுதானப்பா போச்சு, எச்சி இருக்குல்ல!" என்றார். செல் சுவரை உடைக்க உரல், கலந்து செரிக்க உமிழ்நீர். நான் இவ்வளவு நேரம் விளக்கியதை அந்த அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அவரே அடுத்துச் சொன்னதுதான் என்னை உறங்கவிடவில்லை. "வெள்ளரிப்பிஞ்சு கடிச்சு எத்தன வருசமாச்சு!" பனங்கிழங்கு, கொய்யா எல்லாமே அவருக்கு விட்டுப்போயிற்று. மூன்று வேளையும் கஞ்சியும் குழம்பில் பிசைந்த சோறும்தான். நாரில்லாத உணவால் மலச்சிக்கல் தீராத நோயாகிவிட்டது. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று பாடிக்கொண்டிருக்கிறோமே, நொறுக்கப் பல் இல்லாதவர்களுக்கு நாம் என்ன ஏற்பாடு செய்தோம்?

பல் செட்டு கட்டலாமே என்பீர்கள். அளவெடுக்க ஒரு நாள், மெழுகு வைத்துக் கடித்துப் பார்க்க ஒரு நாள், செட்டைப் பொருத்த ஒரு நாள், ஈறு புண்ணானால் தேய்த்துச் சரிசெய்ய மறுபடி ஒரு நாள் என்று, முட்டிவலியோடு ஒவ்வொரு முறையும் ராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். பல் போனபின் தாடை எலும்பும் தேய்ந்துகொண்டே வருவதால், தள்ளிப்போடப் போட செட்டு பிடிமானமாக உட்காருவதும் கடினமாகிறது. பல் பிடுங்கும் முகாம் நம் பகுதிக்கு வருகிறது. பல் கட்டும் முகாம்தான் வருவதில்லை. வெற்றிலையோடு புகையிலை சேர்க்கும் பெரியவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: ஈறைக் கெடுத்து, வாய்ப்புற்றையும் கொண்டுவரும் அந்தப் புகையிலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாகச் சொல்ல நினைத்த டிபன் பாக்ஸ் பற்றித் தலைமையாசிரியை அம்மையார் பேசுவதே முறை; அதை அவரிடமே விட்டுவிடுகிறேன். பேரூராட்சித் தலைவர் அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். பல் மருத்துவரும் பல் செட்டு செய்யும் தொழில்நுட்பரும் சேர்ந்து வந்து, அளவெடுப்பதிலிருந்து புண் ஆற்றிச் சரிபார்ப்பது வரை ஊரிலேயே முடித்துக் கொடுக்கும் முகாமை, தொண்டி முதல் ஏர்வாடி வரையுள்ள கரையோர ஊர்களில் நடத்தும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டு அடுத்த மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றித் தாருங்கள். வாசலில் வாசகர் வட்டத் தம்பிகள் நோட்டோடு நிற்கிறார்கள். பல் இல்லாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களின் பெயரையும் தெருவையும் எழுதிவிட்டுப் போங்கள்.